எது வந்தாலும் பிடி

பிப்ரவரி 4

சின்னவளுக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கு மூட்டு வலியைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. அதுவும் பழகிப்போய், ஒரு நாள் வலிக்காவிட்டால்தான் பயமாக இருக்கிறது. நீயும் பட்டாணியும் சுகந்தானே? அவளுக்குப் பல் ஆட ஆரம்பித்திருக்குமே. உன் போன கடிதத்தில் ஆபீஸ் லிஃப்ட் கெட்டுப்போனதைப் பற்றி அரைப் பக்கம், என் மகளைப் பற்றி ஒன்றரை வரி. குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. ஒன்பது வருடத் தண்டனையில் மூன்றுகூட முடியாதவள் வரியைத்தான் எண்ணுவாள்.

நான் தாளில் எழுதி அனுப்பிய கூட்டல் புரோகிராமை நீ ஓட்டிப் பார்த்து விடை எழுதியிருந்தாயே, அதை வகுப்பில் காட்டினேன். கம்ப்யூட்டர் இல்லாத கம்ப்யூட்டர் வகுப்பில் விடை வந்த ஒரே ஆள் நான்தான். வாத்தியாரம்மா எல்லாரையும் கைதட்டச் சொன்னார். ஜெயில் கடிதப் பிரிவில் மட்டும் அதை எட்டு நாள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். தப்பித்துப் போவதற்கான ரகசிய பாஷை என்று சந்தேகமாம். தப்பித்துப் போகிறவள் இத்தனை அடைப்புக்குறியா போடுவாள்?

உண்மையைச் சொன்னால், நான் அங்கே போய் உட்கார்வது மின்விசிறிக்காகத்தான். ஆனால் இந்த வாரப் பாடம் மண்டையைக் குடைகிறது. ஓடுகிற புரோகிராமை நடுவில் நிறுத்துவது எப்படி என்று ஒரு பாடம். இருந்த இடத்திலேயே சட்டென்று முடித்துவிடலாம், ஆனால் அது தப்பு, 'எக்செப்ஷன்' எறிந்துதான் நிறுத்த வேண்டும் என்கிறது புத்தகம். தமிழில் விதிவிலக்கு என்று போட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த விதிவிலக்கு, நான் வேலை பார்த்த சலவைக்கூடத்து மேனேஜரின் மச்சான் பத்து மணிக்கு வேலைக்கு வருவது ஒன்றுதான். அதை எடுத்து யார்மேல் எறிவது? நிறுத்த வேண்டுமென்றால் நிறுத்திவிட்டுப் போக வேண்டியதுதானே, எதற்கு இந்தச் சுற்றுவழி? புரியும்படி எழுது.

பட்டாணியை எப்போது கூட்டிக்கொண்டு வருகிறாய்? இல்லாவிட்டால் அவள் பெயரை அவள் கையால் ஒரு தாளில் எழுதச் சொல்லி அனுப்பு.

அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே இருவரும் நன்றாக இருக்கிறோம். மூட்டுக்குத் தைலம் வாங்கி அனுப்பினேன், உள்ளே விட்டார்களா என்று எழுது.

உன் கேள்வி நல்ல கேள்வி. என்னோடு வேலை பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. நாம் குடியிருந்த மூன்று மாடிக் கட்டடத்தை நினைத்துக்கொள். புரோகிராமும் அப்படித்தான், மாடி மாடியாக இருக்கும். மேல் மாடி நடு மாடிக்கு வேலை சொல்லும், நடு மாடி கீழே சொல்லும். கீழே இருக்கிறவன் குழாயைத் திறந்து வைத்திருக்கிறான் என்று வை. ஆபத்து வந்ததும் அவன் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிவிட்டால், குழாய் திறந்தது திறந்தபடி கிடக்கும். அதுதான் நீ சொல்கிற சட்டென்று நிறுத்துவது.

எக்செப்ஷன் என்பது ஜன்னல் வழியாகக் குதிக்காமல் படி ஏறி வருவது. கீழேயிருந்து ஒரு செய்தி கிளம்பும். ஒவ்வொரு மாடியிலும் அங்கே திறந்து கிடப்பதை மூடிவிட்டு, அடுத்த மாடிக்கு ஏறும். கடைசியில் மேல் மாடிக்காரன் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, எல்லாம் முடிந்தது என்பான். நிற்பதுதான். ஆனால் ஒழுங்காக நிற்பது. எழுதத் தெரிந்தவளின் புரோகிராமையும் தெரியாதவளின் புரோகிராமையும் இந்த ஒரு இடத்தில் பிரித்துவிடலாம். நீ இவ்வளவு தூரம் வருவாய் என்று நான் நினைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தைக் கண்டால் நீ ஓடிய ஓட்டம் எனக்கு மறக்கவில்லை.

பட்டாணிக்கு நேற்றுப் பல் விழுந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு "அம்மா, இதப் பாரேன்" என்று என்னிடம் ஓடி வந்தாள். மற்றப் பிள்ளைகள் சொல்வதைக் கேட்டு வாயில் வந்துவிடுகிறது, நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. இந்த மாதம் அழைத்து வர முடியாது. அவளுக்குப் பரீட்சை.

உடம்பைக் கவனித்துக்கொள்.

தங்கை


மார்ச் 7

என் அருமை வாத்தியாருக்கு,

தைலம் வந்தது, பாதிதான் வந்தது. மீதி யார் மூட்டில் இருக்கிறதோ. நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆறு வயதுக்கு என்னடி பரீட்சை? சரி, விடு. அம்மா என்று கூப்பிட்டதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. சித்தி என்று சொல்லப் பழக்கு, போதும்.

மாடிக் கதை மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது. வகுப்பில் நானே எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தேன். வாத்தியாரம்மா வீட்டுப்பாடமாக, நமக்குத் தெரிந்த ஒரு இயந்திரத்தை நிறுத்துகிற மாதிரி புரோகிராம் எழுதச் சொன்னார். எனக்குத் தெரிந்தது ஒரே இயந்திரம்தான். சலவைக்கூடத்து மூன்றாம் நம்பர் டிரம்.

அதனால் அன்றைக்கு நடந்ததை முதல் முறையாக வரிசையாக எழுதிப் பார்த்தேன். டிரம்முக்குள் ஆஸ்பத்திரிப் போர்வைகள். வழக்கத்தைவிட அதிகமாக ஆடியது. நான் நிறுத்து பொத்தானை அழுத்தினேன். மேலே பச்சை விளக்கு எரிந்தால் வால்வு மூடி ஆவி நின்றுவிட்டது, கதவைத் திறக்கலாம் என்று அர்த்தம். ஒல்லியிடம் "திற" என்றேன். பதினோரு வருடம் என்னோடு துணி இறக்கியவள், நான் சொன்னால் மறுபேச்சுப் பேசமாட்டாள். திறந்தாள். ஆவி நிற்கவில்லை. நாலாம் நாள் போய்விட்டாள்.

விளக்கு எரிந்ததைப் பார்த்தேன் என்றுதான் கோர்ட்டில் சொன்னேன். அந்த டிரம்முக்குப் புரோகிராம் எழுதியவள் நீ. சாட்சிக் கூண்டில் ஏறி, ஆவி நிற்காமல் அந்த விளக்கு எரியவே எரியாது என்று அழுதுகொண்டே சொன்னாய். நீ பொய் சொல்லமாட்டாய். அப்படியானால் என் கண்தான் பொய் சொல்லியிருக்க வேண்டும். அவசரத்தில் விளக்கைப் பார்க்காமலே திற என்று சொல்லி ஒருத்தியைக் கொன்றிருக்கிறேன். ஒல்லியின் அம்மாவுக்கு மாதம் ஒரு கடிதம் போடுகிறேன். பதில் வராது, வரவும் கூடாது.

புரோகிராமை இதோடு வைத்திருக்கிறேன், இருபது வரி. ஒன்று கேட்க வேண்டும். புத்தகத்தில் அறுபத்தோராம் பக்கத்தில், 'எது வந்தாலும் பிடி, ஒன்றும் செய்யாதே, ஓடிக்கொண்டே இரு' என்று ஒரு வரியை நடு மாடியில் எழுதக் கூடாது என்று கட்டம் போட்டு வைத்திருக்கிறது. ஏன் கூடாது என்று சொல்ல வேண்டிய பக்கத்தை எவளோ கிழித்திருக்கிறாள். விபத்துக்கு இரண்டு மாதம் முன்னால், சூடு காட்டுகிற கருவி கோளாறு பண்ணி டிரம் அடிக்கடி நின்றபோது, நீ ஒரு மத்தியானம் வந்து போர்வை மூட்டைமேல் உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் சரிசெய்தாயே, அது இந்த வரிதானோ? நான் அதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். ஓட்டிப் பார்த்து என்ன வருகிறது என்று எழுது.

பட்டாணிக்கு முத்தம்.

அக்கா


மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆபீஸில் வேலை, நடுவில் எனக்கு ஒரு வாரம் காய்ச்சல். இப்போது பரவாயில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது?

புரோகிராமை ஓட்டிப் பார்த்தேன். நீ எழுதியிருக்கிறபடியே 'வால்வு மூடியது' என்று வந்தது. விளக்கு அதன் பிறகு எரிந்தது. அந்த வரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. புத்தகம் பழசு, அந்தக் காலத்தில் அப்படி எழுதுவார்கள். அன்றைக்கு நான் செய்தது வேறு, ஒரு எண்ணை மாற்றினேன், அவ்வளவுதான்.

இந்த வகுப்பு உனக்கு நல்லதா என்று யோசிக்கிறேன். நடந்ததையே கிளறிக்கொண்டிருந்தால் மனசு என்ன ஆகும்? அங்கே தையல் வகுப்பு இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதில் சேர்.

பட்டாணியின் போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன்.

தங்கை


மே 30

சின்னவளுக்கு,

காய்ச்சல் விட்டதா? கஷாயம் எதையாவது குடித்துத் தொலை, மாத்திரையை விழுங்கிவிட்டு ஆபீஸுக்கு ஓடாதே. எனக்கு ஒன்றுமில்லை.

போட்டோவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பக்கத்துப் படுக்கைக்காரி "உங்க ஜாடை இல்லியேம்மா" என்றாள். மூன்று நாள் அவளோடு பேசவில்லை. பிறகு நானே பார்த்தேன். தலை வாரியிருக்கிற விதம், கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற விதம், எல்லாம் நீ. வளர்க்கிறவளின் சாயல் வரத்தான் செய்யும்.

வால்வு மூடியது என்று நீ எழுதியதைப் படித்து இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். மனதின் ஒரு மூலையில் கொஞ்சம் ஆசை இருந்திருக்கிறது போலிருக்கிறது, என்மேல் தப்பு இல்லாமல் இருக்கக்கூடாதா என்று. வெட்கமாக இருக்கிறது. அடுத்தவள் தலையில் கட்டப் பார்த்திருக்கிறேன், அதுவும் உன் தலையில். ஒல்லியின் அம்மாவுக்கு இந்த மாதம் எழுதியதில் இதையும் ஒப்புக்கொண்டேன். நீயும் என்னை மன்னித்துவிடு.

தையலுக்குப் போகச் சொன்னாய். ஊசியில் நூல் கோக்க இந்தக் கண் ஒத்துழைக்காது. தவிர ஒரு நல்ல சேதி. யாரோ தானம் கொடுத்து மூன்று பழைய கம்ப்யூட்டர்கள் எங்கள் வகுப்புக்கு வரப்போகின்றன. இனிமேல் உன்னைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை, என் புரோகிராமை நானே ஓட்டிக்கொள்வேன்.

பட்டாணியை எழுதச் சொன்னேனே, மறந்துவிட்டாயா? கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை.

அக்கா


ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று காலையில்தான் வந்தது. சாப்பிடாமல் இருக்கிறாய் என்று படித்ததும் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உன்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். தானமாக வருகிற பழைய கம்ப்யூட்டர்களை நம்பாதே. அதில் இருக்கிற மொழி பழைய பதிப்பாக இருக்கும், ஒன்றுக்கு ஒன்பதாக விடை வரும். முக்கியமாக, நிறுத்துகிற விஷயத்தில் தப்புத் தப்பாகக் காட்டும். அதைப் பார்த்துவிட்டு நீ மறுபடி மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்வாய். டிரம் புரோகிராம் எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிடு.

நீ தையலுக்கு மாறிவிட்டாய் என்று எழுது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் பட்டாணியை அழைத்துக்கொண்டு வருகிறேன். நிச்சயமாக வருகிறேன். அவளுக்கு மஞ்சள் சட்டை போட்டுக் கூட்டி வருவேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

தங்கை


ஆகஸ்ட் 21

தங்கைக்கு,

நான் நலம். பட்டாணி நலமாக இருக்க வேண்டும்.

தையல் வகுப்பில் சேர்ந்துவிட்டேன் என்று நான் கார்டு போட்டேன். அது பொய். நீ ஆகஸ்ட் முதல் வாரம் வருவதாக எழுதியதும் பொய். ஏழு நாளும் பார்வையாளர் அறைப் பக்கம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எட்டாம் நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

அதே இருபது வரி. ஒரு புள்ளி மாற்றவில்லை. ஓடவிட்டு 'நிறுத்து' என்று தட்டினேன். 'பச்சை விளக்கு எரிகிறது' என்று வந்தது. அடுத்த வரி, 'ஆவி போகிறது'. அதற்கடுத்த வரியும் 'ஆவி போகிறது'. திரை நிறைந்து மேலே ஓடிக்கொண்டே இருந்தது. வால்வு மூடியது என்று வரவே இல்லை. கடைசியில் வாத்தியாரம்மா சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினார். மூன்று கம்ப்யூட்டரிலும் ஓட்டினேன், மூன்றிலும் இதேதான். நடு மாடியில் இருக்கிற அந்த ஒரு வரியை அடித்துவிட்டு ஓட்டினேன். உடனே வால்வு மூடியது.

கீழேயிருந்து கிளம்பிய 'நிறுத்து' செய்தியை நடு மாடியில் உன் வரி பிடித்து விழுங்கிவிட்டது. மேல் மாடிக்கு ஒன்றும் தெரியாது. விளக்கு மட்டும் முதலிலேயே எரிந்துவிட்டது. நான் அந்த விளக்கைப் பார்த்தேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டுத்தான் ஒல்லியைத் திறக்கச் சொன்னேன். மூன்று வருடமாக என் கண்ணை நானே நம்பாமல் கிடந்திருக்கிறேன், பெண்ணைப் பறிகொடுத்தவளுக்கு மாதாமாதம் நான்தான் கொன்றேன் என்று எழுதியிருக்கிறேன். இதைவிட என்னை நீ அடித்திருக்கலாம்.

ஒரே ஒரு கேள்வி. நான் அனுப்பியதை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பொய் எழுதினாயா, ஓட்டாமலே எழுதினாயா? ஓட்டாமல் எழுதியிருந்தால், ஓட்டிப் பார்க்கத் தேவையே இல்லாமல் கோர்ட்டிலேயே உனக்கு எல்லாம் தெரியும் என்று அர்த்தம்.

வக்கீலைக் கேட்டேன். புது ஆதாரம் இருந்தால் நவம்பர் முப்பதுக்குள் மறுவிசாரணை கேட்கலாமாம். சலவைக்கூடத்தில் பழைய புரோகிராமின் நகல் இருக்கும், கோர்ட் கேட்டால் கொடுத்தாக வேண்டும். ஆனால் நான் கேட்பதற்கு முன்னால் நீயாகப் போய்ச் சொல். நீயாகச் சொன்னால் உனக்கும் தண்டனை குறையும். உன்னை இந்த இடத்துக்கு அனுப்ப எனக்கு ஆசை இல்லை. இங்கே குளிர்காலத்தில் தரை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அக்கா


செப்டம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நாங்கள் நலம்.

டிரம் அடிக்கடி நின்றபோது நீ எனக்குப் போன் செய்து சொன்னது இது: "சும்மா சும்மா நின்னுக்கிட்டு இருந்தா நான் எப்படி வேலை வாங்குறது? என்ன வந்தாலும் நிக்காம பண்ணிக் குடுடி. அவ்ளோ படிச்சிருக்க, இது கூடத் தெரியாதா?" உன்னோடு வேலை பார்த்த எட்டுப் பேர் சுற்றி நின்று சிரித்த சத்தம் எனக்கு இந்தப் பக்கம் கேட்டது. நான் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். நீ ஒரு மத்தியானம் கொடுத்தாய். என்ன வந்தாலும் நிற்காமல் செய்யச் சொன்னவள், நிற்கவில்லையே என்று இப்போது என்னிடம் அழக் கூடாது.

நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் எழுதப் போவதில்லை.

நான் போய்ச் சொன்னால் என்ன நடக்கும் என்று பார். என்னை உள்ளே வைப்பார்கள். உன்னை உடனே விடமாட்டார்கள். மறுவிசாரணை முடிய ஒன்றரை வருடம் ஆகும் என்று நானும் ஒரு வக்கீலைக் கேட்டேன். அதுவரை பட்டாணி எங்கே இருப்பாள்? அவள் அப்பா புதுக் குடும்பத்தோடு எந்த ஊரில் இருக்கிறார் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பிள்ளைகள் இல்லத்தில்தான் விட வேண்டும். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இருபத்திரண்டு கட்டில், இரண்டு குளியலறை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே சீப்பு.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். அவளுக்கு உன் முகம் தெரியாது. உன் போட்டோக்களை நான் அலமாரியில் எடுத்து வைத்து இரண்டு வருடம் ஆகிறது. அவள் இரண்டு முறை உன்னைப் பற்றிக் கேட்டாள். நான் என்ன சொன்னேன் என்று நீ எந்தக் கடிதத்திலும் கேட்டதில்லை. இப்போது அவள் கேட்பதில்லை.

மழை ஆரம்பித்துவிட்டது. மூட்டை மூடிக்கொண்டு தூங்கு.

தங்கை


அக்டோபர் 10

தங்கைக்கு,

உயிரோடு இருக்கிறேன், அது போதும்.

நான் அப்படிச் சொன்னது உண்மை. அந்தச் சிரிப்பும் உண்மை. நான் வாய்க்கொழுப்பு பிடித்தவள், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக என்னை நீ கூப்பிட்டு வைத்துத் திட்டியிருக்கலாம், ஊர் முழுக்க என்னைக் கேவலப்படுத்தியிருக்கலாம். நீ செய்தது, செத்தவளை என் கணக்கில் எழுதிவிட்டு என் பிள்ளையை உன் கணக்கில் எழுதிக்கொண்டது.

இல்லத்தைக் காட்டி என்னைப் பயமுறுத்தப் பார்க்கிறாய். நன்றாக யோசித்துவிட்டேன். போகட்டும். அதே சீப்பில் தலை வாரட்டும். ஒன்றரை வருடம் அழுவாள், பேன் பிடிக்கும், இளைப்பாள். பிறகு நான் போய் அழைத்து வந்து எண்ணெய் தேய்த்து, தலையை மடியில் வைத்துப் பேன் எடுப்பேன். முகம் தெரியாவிட்டால் என்ன? எட்டு வயதுக்கு எந்த முகமும் பத்து நாளில் பழகிவிடும். பெற்றவளுக்கு இவ்வளவு கல்மனசா என்று நீ கேட்பாய். இந்த மனசை நீதான் உட்கார்ந்து மூன்று வருடம் வார்த்தாய்.

எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டேன். நாற்பத்தெட்டுப் பக்கம். புரோகிராம், நீ அனுப்பிய பொய் விடை, வாத்தியாரம்மாவின் கையெழுத்து, எல்லாம் ஒரே உறையில் இருக்கிறது. நவம்பர் இருபத்தைந்தாம் தேதி வக்கீல் வருவார், கையில் கொடுப்பேன். அதுவரை உனக்கு நேரம். நான் கெஞ்சப் போவதில்லை, நீயும் கெஞ்சாதே. உன் கெஞ்சல் எனக்கு இனி ஏறாது.

நடப்பது நடக்கட்டும், பட்டாணி கையால் ஒரு வரி மட்டும் அனுப்பிவிடு. மூன்று வருடமாகக் கேட்கிறேன். அவள் எழுத்தை நான் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

அக்கா


நவம்பர் 12

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

பட்டாணி எழுதுவது. நான் நலம். நீங்கள் நலமா?

நான்தான் எழுதுகிறேன். அம்மா ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுத் தந்தாள். தப்பு வந்தால் ரப்பர் வைத்து அழிக்கிறேன். நீங்கள் அம்மாவின் அக்கா என்று அம்மா சொன்னாள். அம்மாவின் அக்கா என்றால் பெரியம்மாவாம். நீங்கள் தூரத்தில் வேலை செய்கிறீர்களாம். அங்கே கம்ப்யூட்டர் இருக்கிறதாம். எங்கள் பள்ளியிலும் இருக்கிறது. தொடக் கூடாது.

பெரியம்மா, அம்மா தினமும் அழுகிறாள். ஏம்மா அழற என்று கேட்டேன். நீங்கள் அம்மாவை ஒரு இடத்துக்கு அனுப்பப் போகிறீர்களாம். அங்கே பிள்ளைகளை விட மாட்டார்களாம். அம்மா தப்பு செய்தாளா? தப்பு செய்தால் எங்கள் டீச்சர் ஸாரி சொல்லச் சொல்வார். அம்மா ஸாரி சொல்வாள். நானும் சொல்கிறேன். ஸாரி பெரியம்மா.

அம்மாவை அனுப்பாதீர்கள். எனக்கு ஜுரம் வந்தால் அம்மாதான் பக்கத்தில் படுப்பாள். எனக்கு அம்மா ஒருத்திதான் இருக்கிறாள். நீங்கள் நல்லவங்க என்று அம்மா சொன்னாள். நீங்கள் வீட்டுக்கு வாங்க. என் கட்டிலில் படுத்துக்கொள்ளலாம்.

உங்களுக்கு இருமல் இருந்தால் சுடுதண்ணீர் குடிக்கவும்.

இப்படிக்கு,
பட்டாணி


நவம்பர் 26

கண்ணு பட்டாணிக்கு,

உன் கடிதம் வந்தது. எனக்கு இருமல் இல்லை, இருந்தாலும் நீ சொன்னதற்காகச் சுடுதண்ணீர் குடித்தேன். நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா? ஜுரம் வராமல் பார்த்துக்கொள். மழையில் நனையாதே.

உன் எழுத்து ரொம்ப அழகாக இருக்கிறது. ஒரு எழுத்துகூடக் கோட்டுக்குக் கீழே இறங்கவில்லை. இங்கே என்னோடு இருக்கிற எல்லாரிடமும் காட்டினேன். யார் எழுதினது என்று கேட்டார்கள். என் தங்கை மகள் என்று சொன்னேன்.

நீ ஸாரி சொல்ல வேண்டாம். நீ ஒரு தப்பும் செய்யவில்லை. நேற்று இங்கே ஒரு வக்கீல் மாமா வந்தார். அவரிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உன் அம்மா எங்கேயும் போகமாட்டாள். அழ வேண்டாம் என்று அவளிடம் சொல். சாப்பிடச் சொல்.

நான் வேலை செய்கிற இடத்தில் வேலை முடிய இன்னும் ஆறு வருடம் ஆகும். அதனால் உன் கட்டிலில் படுத்துக்கொள்ள இப்போது வர முடியாது. அதற்குள் நீ பெரியவளாகிவிடுவாய். கட்டிலும் போதாது.

அம்மா சொல்வதைக் கேட்டு நட.

இப்படிக்கு,
உன் பெரியம்மா